ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால் ஒரு மெத்தை

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் பாட்டுக் கேட்க எதற்கு முதலில் பணம் செலவழிப்பது என்பதுதான் இன்றைய பேச்சு. அதைத் தொடங்கும் முன் உங்களுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். பாட்டுக் கேட்பதற்கென்று வீட்டில் எந்த அறையை வைத்திருக்கிறீர்களோ, அதன் நடுவில் நின்று ஒரே ஒரு முறை பலமாகக் கை தட்டிப் பாருங்கள். தட்டிய கை நின்ற பிறகும் ஒரு அதிர்வு சுவருக்குச் சுவர் ஓடி, மெல்ல மெல்ல அடங்குகிறதா? அந்த அறையில் நீங்கள் போடும் ஒவ்வொரு பாட்டோடும் அந்த அதிர்வு சேர்ந்துதான் உங்கள் காதுக்கு வருகிறது. நாற்பதாயிரம் ரூபாய்க்கு வாங்கிய ஸ்பீக்கர் பெட்டி என்றாலும் சரி, நாலு லட்சத்துக்கு வாங்கியது என்றாலும் சரி.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன் வீட்டில்தான் கற்றுக்கொண்டேன். பாலிடெக்னிக்கில் மின்னணுவியல் ஆசிரியராகச் சேர்ந்து, ஓராண்டு சம்பளத்தில் மிச்சம் பிடித்து, முதலில் வாங்கியது நூறு வாட் ஆம்ப்ளிஃபயர். கையில் இருந்ததில் முக்கால் பங்கு அதற்கே போய்விட்டது. மீதிக்குக் கிடைத்த ஸ்பீக்கர்களை வாங்கி வந்து, மொசைக் தரை போட்ட முன்னறையில், சுவரை ஒட்டி மூலைக்கு ஒன்றாக வைத்தேன். அம்மா இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள், "சத்தம் நல்லாத்தான் இருக்குப்பா. ஆனா சாகித்யம் புரியல. நம்ம பழைய ரேடியோவுல ஒவ்வொரு சொல்லும் கேட்குமே" என்றார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

சில மாதம் கழித்துத் தங்கையின் கல்யாணம். உறவுக்காரர்கள் படுப்பதற்காகச் சேர்த்த இலவம்பஞ்சு மெத்தைகளை, எல்லாரும் ஊருக்குப் போன பிறகு, அந்த முன்னறைச் சுவரோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தோம். அன்று மாலை அதே ஒலிநாடாவைப் போட்டேன். அடுக்களையிலிருந்து வந்த அம்மா, "புது ஸ்பீக்கர் வாங்கினியாப்பா?" என்று கேட்டார். நான் எதையும் மாற்றவில்லை. மாறியது அறை.

அந்த மெத்தைக்கு நூறாண்டுக்கு மேற்பட்ட ஒரு கதை உண்டு என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது. 1895இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் புதிதாகத் திறக்கப்பட்டபோது, அதன் விரிவுரை அரங்கில் ஒருவர் பேசினால் யாருக்கும் புரியவில்லை. ஒரு சொல் ஐந்து வினாடிக்கு மேல் அரங்குக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது. அடுத்தடுத்த சொற்கள் அதன் மேல் வந்து விழுந்தன. அதைச் சரி செய்யும் பொறுப்பு வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் வந்தது. அவரிடம் இருந்தவை ஒரு ஆர்கன் குழல், நேரம் அளக்கும் கருவி, தன் சொந்தக் காது. இவ்வளவுதான். ஊர் அடங்கிய இரவுகளில் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, எத்தனை மெத்தைக்கு எத்தனை வினாடி குறைகிறது என்று அளந்தார். விடிவதற்குள் மெத்தைகள் திரும்பிப் போய்விட வேண்டும். ஒலி அடங்கும் நேரத்தைக் கணக்கிட, அந்த இரவுகளில் பிறந்த சூத்திரத்தைத்தான் இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுத்துகிறோம். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கமும் அவர் கணக்கின்படி எழுந்ததுதான்.

அந்தக் கணக்கை நம் வீட்டுக்குப் போட்டுப் பார்க்கலாம். பன்னிரண்டடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரம். டைல்ஸ் தரை, கான்கிரீட் கூரை, பூசிய சுவர். இவை தம் மேல் படும் ஒலியில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத்தான் உறிஞ்சும். மீதியைத் திருப்பி அனுப்பும். அறை காலியாக இருந்தால் ஒலி அடங்க ஏறக்குறைய மூன்று வினாடி ஆகும் என்று கணக்கு சொல்கிறது. பாட்டுக் கேட்க நமக்கு வேண்டியது அரை வினாடி அளவு. மேலைநாட்டு வீடுகளில் மரத்தரை, கனத்த கம்பளம், உள்ளே பொள்ளலான பலகைச் சுவர் எல்லாம் இருப்பதால், அங்கே எழுதப்பட்ட அறிவுரைகள் நம் அறைக்கு அப்படியே பொருந்தாது. நம் வீட்டை நாமே பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

சரி, என்ன செய்வது? பஞ்சு மெத்தை போட்ட கட்டில், சுவர் முழுக்கப் புத்தக அலமாரி, இரண்டு மடிப்பாகத் தொங்கும் கனத்த திரை. இவையே பாதி வேலையைச் செய்துவிடும். பவானி ஜமக்காளம் விரிக்கலாம். ஆனால் மெல்லியது என்பதால் அது மேல் ஸ்தாயி ஒலியை மட்டும்தான் அடக்கும். இன்னும் வேண்டுமென்றால், இரண்டு அங்குல கனமுள்ள ராக்வூல் (கல்லை உருக்கி இழையாக்கிய பஞ்சு) பலகைகளைக் காடாத்துணியால் நன்றாக மூடி, நாலடிக்கு இரண்டடி மரச் சட்டத்தில் அடைத்து, சுவரில் நாலு மாட்டினால் போதும். தச்சுக்கூலி சேர்த்தும் சில ஆயிரங்களில் முடிந்துவிடும். முட்டை அட்டையையும் தெர்மோகோலையும் ஒட்டுவதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். இரண்டும் ஒலியை உருப்படியாக உறிஞ்சுவதில்லை. தீப்பிடித்தால் ஆபத்து வேறு.

அறை முதல் செலவு என்றால், அடுத்தது ஸ்பீக்கர். ஏன் ஆம்ப்ளிஃபயர் இல்லை? எந்தக் கருவி ஒலியை எவ்வளவு கெடுக்கிறது என்று பாருங்கள். இன்றைக்கு ஓரளவு நல்ல ஆம்ப்ளிஃபயர் ஒன்றை எடுத்தால், அது சேர்க்கும் பிசிறு 0.1 சதவீதத்துக்கும் கீழே. ஸ்பீக்கரோ, கீழ் ஸ்தாயியைச் சத்தமாக ஒலிக்கும்போது நூற்றுக்குச் சில பங்கு பிசிறு சேர்ப்பது சாதாரணம். சுருதி ஏற ஏற ஒலி அளவு கூடிக் குறைவதும் ஆம்ப்ளிஃபயரில் ஒரு டெசிபலுக்குள் நிற்கும் (டெசிபல் என்பது ஒலி அளவைச் சொல்லும் அலகு). நல்ல ஸ்பீக்கரில்கூட மூன்று டெசிபல் ஏறும், இறங்கும். அறை சேர்ந்துகொண்டால் கீழ் ஸ்தாயியில் பத்து டெசிபலைத் தாண்டும். மின்சாரம் காற்றின் அசைவாக மாறுகிற இடத்தில்தான் பெரிய சேதாரம். பணமும் அங்கேதான் போக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஸ்பீக்கர் வாங்கும்போது பெரிய பெட்டி, அதிரும் சத்தம் என்று போகாதீர்கள். நீங்கள் எதைக் கேட்பவர்? ஒன்றரைக் கட்டையில் பாடும் வித்வானின் ஷட்ஜம் ஏறக்குறைய 139 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 139 அதிர்வு. அவர் மந்திர பஞ்சமத்துக்கு இறங்கினாலும் நூறுக்குக் கீழே போகமாட்டார். ஐந்து கட்டையில் பாடும் பெண்மணியின் ஷட்ஜம் 196 ஹெர்ட்ஸ். ஐந்து, ஆறு அங்குல வூஃபர் (கீழ் ஸ்தாயியை ஒலிக்கும் பெரிய கோன்) உள்ள நல்ல சிறு பெட்டி இதற்குத் தாராளம். இங்கிலாந்தின் பிபிசி வானொலி நிலையம் 1970களில் வெளிப்புற ஒலிபரப்பு வண்டிக்குள் வைப்பதற்காக எல்எஸ்3/5ஏ என்று ஒரு சின்னப் பெட்டியை வடிவமைத்தது. ஓரடி உயரம்தான். அடிவயிற்றைக் கலக்கும் பேஸ் அதில் கிடையாது. ஆனால் மனிதக் குரல் மனிதக் குரலாகவே வரும். அதனால்தான் அரை நூற்றாண்டுக்குப் பிறகும் ஆட்கள் அதைத் தேடி வாங்குகிறார்கள். திரைப்பாட்டில் பேஸ் கிடாரை ரசிப்பவர் என்றால் கணக்கு வேறு. அதன் அடித்தந்தி 41 ஹெர்ட்ஸ். அதற்குப் பெரிய வூஃபர் வேண்டும், அதைத் தாங்கும் அறையும் வேண்டும்.

கடையில் கேட்கும்போது கண்ணை நம்பாதீர்கள். ஃபிளாய்ட் டூல், ஷான் ஆலிவ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1994இல் ஒரு சோதனை செய்தார்கள். அதே கேட்பவர்கள், அதே ஸ்பீக்கர்கள். ஒரு முறை பெட்டிகளைக் காட்டி மதிப்பெண் கேட்டார்கள், ஒரு முறை திரை போட்டு மறைத்துக் கேட்டார்கள். பழகிய காதுக்காரர்கள்கூட, பெட்டி கண்ணுக்குத் தெரிந்தபோது வேறு மதிப்பெண் போட்டார்கள். ஆகவே உடன் வந்தவரை மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள், நீங்கள் திரும்பி உட்கார்ந்து கேளுங்கள். இரண்டு பெட்டியும் ஒரே சத்தத்தில் ஒலிக்க வேண்டும். சற்றுச் சத்தமாக ஒலிப்பதே எப்போதும் நல்லதாகத் தோன்றும்.

பழைய ஸ்பீக்கர் வாங்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கோனைச் சுற்றியுள்ள விளிம்பை விரலால் மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். ஃபோம் விளிம்பு என்றால் நம் கடலோரப் புழுக்கத்தில் பொடிந்து உதிர்ந்துவிடும். ரப்பர் விளிம்பு நாள்படத் தாங்கும்.

இனி ஆம்ப்ளிஃபயர். ஒரு காலத்தில் செட்டுகளின் முகப்பில் 2,000 வாட் பிஎம்பிஓ என்று, கணநேர உச்சத்தைச் சொல்லும் எண்ணை ஒட்டியிருப்பார்கள். பலருக்கு நினைவிருக்கும். அந்த எண்ணுக்கு எந்த மதிப்பும் இல்லை. தொடர்ந்து தரக்கூடிய அளவைச் சொல்லும் ஆர்எம்எஸ் வாட் என்று போட்டிருப்பதை மட்டும் பாருங்கள். வாட் இரு மடங்கானால் ஒலி மூன்று டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு பங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட் வேண்டும். சாதாரண அறையில் நாம் கேட்கும் அளவுக்குப் பெரும்பாலும் ஒரு வாட்டே போதும். மிருதங்கத்தில் ஓங்கி விழும் அடிக்கு இடம் விட்டால் நாற்பது, ஐம்பது வாட். நான் அன்று வாங்கிய நூறு வாட்டில் பாதியைக்கூட என் வீடு தொட்டிருக்காது.

பாட்டு புறப்படும் இடமே முதலில் என்றொரு கட்சி உண்டு. 1970களில் ஸ்காட்லாந்தின் லின் நிறுவனம் இசைத்தட்டுச் சுழலியை முன்வைத்து இதை வலுவாக வாதாடியது. இசைத்தட்டுக்கு அந்த வாதம் நியாயமானது. ஊசியின் அசைவு மின்சாரமாக மாறும் இடம் அது, தொலைந்ததை அப்புறம் யாரும் மீட்க முடியாது. இன்றும் இசைத்தட்டு கேட்பவர்கள் நல்ல ஊசிக்குச் செலவு செய்யுங்கள். தேய்ந்த ஊசி தட்டையே அறுத்துவிடும். ஆனால் 1982இல் குறுந்தகடு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. இப்போது எண்களாக இருக்கும் பாட்டை மின்னலையாக மாற்றும், செல்பேசியில் செருகும் விரல் அளவு டிஏசி ஆயிரம் ரூபாய் அளவில் கிடைக்கிறது. அதன் பிசிறைக் காதால் கண்டுபிடிப்பது மிகக் கடினம்.

கேபிளுக்கு இரண்டே வாக்கியம். வீட்டு வயரிங்குக்குப் போடும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி நாலு மீட்டர் ஓடித் திரும்பினால் அதன் மின்தடை 0.06 ஓம், உங்கள் ஸ்பீக்கர் எட்டு ஓம். அதற்கு மேல் அங்கே ஒரு ரூபாயும் போட வேண்டாம்.

மிச்சப்படும் பணத்தில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்பீக்கரில் ஓயாமல் வரும் அந்த 'ம்ம்ம்' ஓசை பல வீடுகளில் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ரீங்காரம்தான். டிவி கேபிளைப் பிடுங்கியதும் அது நின்றால், குறை உங்கள் செட்டில் இல்லை.

ஐம்பதாயிரம் ரூபாய் கையில் இருக்கிறது என்றால் நான் இப்படிப் பிரிப்பேன். ஸ்பீக்கருக்கு இருபத்தெட்டாயிரம், ஆம்ப்ளிஃபயருக்குப் பன்னிரண்டு, அறைக்கு ஆறு, டிஏசிக்கும் கம்பிக்கும் எர்த் வேலைக்குமாக மூன்று. மிஞ்சும் ஆயிரத்தை வைத்து நேரில் பாட்டுக் கேட்கப் போங்கள். மார்கழியில் பல சபாக்களில் மதியக் கச்சேரிக்குக் கட்டணமே இல்லை. ஆனால் சபாவிலும் மைக் வழியாகத்தான் கேட்கிறோம். ஆகவே கோயிலுக்கும் போங்கள். திருவிழாவில் மைக் இல்லாமல் வாசிக்கும் நாகஸ்வரத்தையும் தவிலையும் பத்தடி தூரத்தில் நின்று கேட்ட காதுக்குத்தான் வீட்டுப் பெட்டி எங்கே குறைகிறது என்று தெரியும்.

ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயருக்குச் செலவழித்துவிட்டோமே என்று வருந்துகிறவர்கள் எதையும் விற்க வேண்டாம். இன்றிரவு ஸ்பீக்கர் இரண்டையும் மூலையிலிருந்து எடுத்து, சுவரிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்து, ட்வீட்டர் (மேல் ஸ்தாயியை ஒலிக்கும் சின்ன ஸ்பீக்கர்) உங்கள் காது உயரத்துக்கு வரும்படி ஸ்டூல் மேல் வையுங்கள். நன்றாகத் தெரிந்த ஒரே பாட்டைப் போட்டு, மிருதங்கத்தின் கீழ் ஸ்தாயிப் பக்கமான தொப்பியை மட்டும் கேளுங்கள். வெறும் முழக்கமாக இல்லாமல் ஒவ்வொரு அடியும் தனித்தனியாக விழுகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நாளை இன்னும் அரையடி நகர்த்துங்கள்.

வணக்கம்.