லயனல் வான் பிராக்: கடைசி வளைவும் ஐம்பது பவுண்டும்

வணக்கம் நேயர்களே.

இருசக்கர வண்டிகளைக் கழற்றி மாட்டியே தலை நரைத்தவன் நான். ஊரில் பார்த்த அதே தொழிலைத்தான் சிட்னிக்கு வந்தும் பார்த்தேன். விளையாட்டு வீரர் ஒருவரைப் பற்றிப் பேசுங்கள் என்று நிலையத்தார் கேட்டதும், கிரிக்கெட்டை விட்டுவிட்டு என் தொழிலுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை எடுத்துக்கொண்டேன். பெயர் லயனல் வான் பிராக். 1908-இல் இதே சிட்னியில், ரெட்ஃபெர்னில் பிறந்தவர். ரயிலில் அந்த ஸ்டேஷனைத் தாண்டிப் போகும் நம்மவர்கள் பலர் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். ஸ்பீட்வே என்ற மோட்டார் சைக்கிள் பந்தயத்தின் முதல் உலகச் சாம்பியன் அவர்.

ஸ்பீட்வே என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன். சில வருடம் முன்பு பழைய வண்டிகள் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தேன். அங்கே நின்ற ஒரு ஸ்பீட்வே வண்டியின் ஹேண்டில்பாரைப் பிடித்துப் பார்க்க அதன் சொந்தக்காரரான பெரியவர் அனுமதித்தார். பழக்கதோஷம், என் வலது கை விரல்கள் பிரேக்கைத் தேடின. அங்கே பிரேக் இல்லை. காலால் துழாவினேன், அங்கேயும் இல்லை. பெரியவர் சிரித்தார். ஸ்பீட்வே வண்டிக்குப் பிரேக்கே கிடையாது. ஓடும்போது மாற்ற கியரும் கிடையாது. 500 சிசி எஞ்சின், ஒரு கிளட்ச், ஒரு த்ராட்டில், அவ்வளவுதான். எஞ்சின் குடிப்பது மெத்தனால். எஞ்சின் தேயாமல் இருக்க அந்தக் காலத்தில் ஆமணக்கு எண்ணெய்தான் ஊற்றினார்கள். ஆமாம், சின்ன வயதில் பேதிக்கு மூக்கைப் பிடித்துக் குடிக்க வைத்தார்களே, அதே விளக்கெண்ணெய்! பெரியவர் வண்டியைக் கிளப்பியதும் வந்த புகையை முகர்ந்தபோது எனக்கு என் பாட்டி ஞாபகம் வந்தது. சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் எல்லோரும் அந்த வாசனைக்குக் கண்ணை மூடிக்கொண்டு சொக்கி நின்றார்கள்.

நீள்வட்டத் தடத்தில் நான்கு பேர் நான்கு சுற்று ஓட்டுவார்கள். எப்போதும் இடப்பக்கம்தான் திரும்ப வேண்டும். பிரேக் இல்லாமல் வளைவில் எப்படித் திரும்புவது? பின்சக்கரத்தை வழுக்க விடுவதுதான் வழி. த்ராட்டிலைக் குறைக்காமல் முறுக்கினால் பின்சக்கரம் பிடிமானம் இழந்து வெளிப்பக்கம் சறுக்கும். முன்சக்கரத்தை நேர் எதிராக வலப்பக்கம் திருப்பிக்கொண்டு, இடது காலைத் தரையில் தேய்த்தபடி வண்டி பக்கவாட்டில் வளைவைக் கடக்கும். அந்தக் காலுக்கு இரும்பில் ஒரு அடித்தகடு கட்டிக்கொள்வார்கள். பெரியவர் தன்னிடம் இருந்த பழைய தகட்டைக் கையில் கொடுத்தார். குதிகால் பக்கம் தடியாக இருந்தது, விரல் பக்கம் தேய்ந்து தகரம் போல ஆகியிருந்தது. எத்தனை வளைவுகள் அதைத் தின்றிருக்குமோ.

இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்றைய தடங்களில் நிலக்கரி எரிந்து மிஞ்சிய கசடைப் பரப்பியிருப்பார்கள். முன்னால் போகிறவரின் பின்சக்கரம் அதை வாரிப் பின்னால் வருகிறவரின் முகத்தில் அடிக்கும். முதல் வளைவை யார் முதலில் பிடிக்கிறாரோ அவருக்குச் சுத்தமான காற்று, மற்ற மூன்று பேருக்கும் கரி. இது ஏன் முக்கியம் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

1923-இல் நியூ சவுத் வேல்ஸின் மெயிட்லண்டில் மின்விளக்கு போட்டு நடத்திய பந்தயம் இந்த விளையாட்டின் தொடக்கம் என்று சொல்வார்கள். அதற்கு முன்பே வேறு இடங்களில் நடந்தது என்று வாதாடுகிறவர்களும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நான் போகவில்லை. 1928-இல் இது லண்டனுக்குப் போனதும் ஜனம் மொய்த்தது. அடுத்த சில வருடங்களில் வான் பிராக் வெம்பிளி லயன்ஸ் அணியின் நட்சத்திரம் ஆனார்.

இப்போது 1936, செப்டம்பர் 10-க்கு வருவோம். வெம்பிளி மைதானத்தில் சுமார் 74,000 பேர் கூடியிருக்கிறார்கள். முதல் உலகச் சாம்பியன்ஷிப்பின் இறுதிச் சுற்று. பதினாறு பேர், ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டம். ஜெயித்தால் மூன்று புள்ளி, இரண்டாவது வந்தால் இரண்டு, மூன்றாவதுக்கு ஒன்று. புளூயி வில்கின்சன் என்ற இன்னொரு ஆஸ்திரேலியர் ஐந்தையும் ஜெயித்து 15 புள்ளி எடுத்தார். வான் பிராக்கையும் அன்று தோற்கடித்தவர் அவர். அப்படியானால் அவர்தானே சாம்பியன் என்பீர்கள். இல்லை! முந்தைய சுற்றுகளில் சேர்த்த போனஸ் புள்ளிகளையும் கூட்ட வேண்டும் என்பது அந்த வருட விதி. வான் பிராக்குக்கு 14-உடன் போனஸ் 12, மொத்தம் 26. இங்கிலாந்தின் எரிக் லாங்டனுக்கு 13-உடன் 13, அதுவும் 26. யாரிடமும் தோற்காத வில்கின்சனுக்கு 15-உடன் 10, ஆக 25. மூன்றாம் இடம். இந்தக் கணக்கை எழுதியவர் கையில் கிடைத்தால் நான் ஒரு நாள் முழுக்கக் கார்புரேட்டர் கழுவ வைத்திருப்பேன்.

சமநிலையில் நின்ற இருவருக்கும் மட்டும் ஒரு தீர்ப்பு ஓட்டம். இருவரும் தொடக்க நாடா முன்னால் நிற்கிறார்கள். லாங்டன் பதற்றத்தில் முந்திக்கொண்டு நாடாவை அறுத்துவிட்டார். விதிப்படி அவர் அவுட். வான் பிராக் ஒரு அடி கூட நகராமலேயே பட்டத்தை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் இப்படி ஜெயிக்க விருப்பமில்லை, ஓடியே தீர்த்துக்கொள்வோம் என்று அவர் சொல்லிவிட்டார். மறுபடி நாடா கட்டினார்கள்.

இரண்டாம் முறை லாங்டன் சரியாகக் கிளம்பி முதல் வளைவைப் பிடித்தார். நான்கு சுற்றும் சேர்ந்து ஒன்றேகால் நிமிடம்தான். அதில் முக்கால்வாசிக்கு மேல் லாங்டனே முன்னால். கடைசிச் சுற்று, கடைசி வளைவு. லாங்டனுக்கும் உள்விளிம்புக்கும் நடுவே ஒரு சின்னச் சந்து தெரிந்தது. வான் பிராக் அதற்குள் வண்டியைச் சொருகினார். கோட்டைத் தாண்டும்போது வித்தியாசம் ஒரு சக்கர அளவு கூட இல்லை.

கதை இங்கே முடிந்திருந்தால் பள்ளிப் பாடப்புத்தகத்தில் போட்டுவிடலாம். முடியவில்லை. ஓட்டத்துக்கு முன்பே இருவரும் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டார்கள் என்று பின்னால் ஒரு பேச்சு கிளம்பியது. முதல் வளைவை யார் முதலில் பிடிக்கிறாரோ அவருக்கே பட்டம், பரிசுப் பணத்தைப் பங்கு போட்டுக்கொள்ளலாம், வீணாக எலும்பை முறித்துக்கொள்ள வேண்டாம் என்பதுதான் உடன்பாடாம். அப்படியென்றால் பட்டம் லாங்டனுடையது. வான் பிராக் வாக்கு மீறி முந்தினார், பிறகு மனம் உறுத்தி லாங்டனுக்கு 50 பவுண்ட் கொடுத்தார் என்பது அந்தப் பேச்சின் கடைசிப் பகுதி.

கண்காட்சிப் பெரியவரிடம் இதைப் பற்றிக் கேட்டேன். அவர் கையிலிருந்த துணியால் டேங்கைத் துடைத்துக்கொண்டே, "கண் முன்னால் சந்து திறந்தால் வலது கை தானாக முறுக்கிவிடும், அப்புறம்தான் மூளைக்குத் தகவல் போகும்" என்றார். எனக்கும் அதுதான் தோன்றுகிறது. உடன்பாடு இருந்திருக்கலாம், அவர் அதை மீறியும் இருக்கலாம். ஆனால் இலவசமாக வந்த வெற்றியை வேண்டாம் என்ற மனிதரும் இவரேதான். அந்த 50 பவுண்டை விட இதுதான் என் மனதில் தங்குகிறது.

வில்கின்சனையும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. 1938 இறுதிச் சுற்றுக்கு முந்தைய இரவு விழுந்து கழுத்துப்பட்டை எலும்பை முறித்துக்கொண்டார். மறுநாள் தோளைக் கட்டிக்கொண்டு வெம்பிளியில் ஓட்டி உலகச் சாம்பியனும் ஆனார். அந்த வருடத்தோடு ஓட்டுவதை நிறுத்தினார். 1940-இல் சிட்னி ரோஸ் பேயில், சாதாரணத் தெருவில், சாதாரண மோட்டார் சைக்கிளில் விபத்தாகி இறந்தார். வயது 28.

போர் வந்ததும் வான் பிராக் ஆஸ்திரேலிய விமானப்படையில் விமானி ஆனார். 1942 ஜனவரியில் சுரபாயாவிலிருந்து கூப்பாங் போகும் வழியில் அவருடைய டிசி-2 விமானத்தை ஜப்பானிய விமானங்கள் சுட்டுக் கடலில் இறக்கின. இடம் இன்றைய இந்தோனேசியாவின் சும்பா ஜலசந்தி. காயப்பட்ட கூட்டாளிகளை மூழ்க விடாமல் வான் பிராக்கும் நோயல் வெப்ஸ்டர் என்ற அதிகாரியும் தாங்கிப்பிடித்துக்கொண்டு, சுறாக்களை விரட்டிக்கொண்டு சுமார் 30 மணி நேரம் தண்ணீரில் கிடந்து கரை சேர்ந்தார்கள். இருவருக்கும் வீரத்துக்கான ஜார்ஜ் மெடல் கிடைத்தது. வெம்பிளி ஓட்டம் ஒன்றேகால் நிமிடம் என்றேன். இந்த 30 மணி நேரத்தில் பார்க்க ஒருவர் கூட இல்லை.

போர் முடிந்து மறுபடி தடத்துக்கு வந்து சில வருடம் ஓட்டினார். அதற்கும் பிறகு, நிலப்படம் தயாரிக்க வானிலிருந்து படமெடுக்கும் விமானங்களை ஓட்டினார். அந்த வேலைக்கு ஒரே உயரம், ஒரே வேகம், மணிக்கணக்காக நேர்கோடு. வாழ்க்கையில் பாதியை இடப்பக்கமே சறுக்கிக் கழித்தவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று பெரியவரிடம் கேட்க மறந்துவிட்டேன்.

1987-இல் பிரிஸ்பேனில் காலமானார், 78 வயதில். அவர் காலத்து ஸ்பீட்வே தடம் ஒன்று இங்கே சிட்னி மூர் பார்க்கில், பழைய ஷோகிரவுண்டில் இருந்தது. இப்போது அங்கே சினிமாப் படப்பிடிப்புத் தளம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து நேரம் ஆயிற்று என்று கை காட்டுகிறார்கள். நன்றி, வணக்கம்.