வாரம் முழுக்க வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை ட்ராக்குக்கு, ஒரே கார்

நேயர்களுக்கு வணக்கம். நம்ம மாவட்டத்துப் பையன்களில் சிலருக்கு இப்போது ஒரு ஆசை பிடித்திருக்கிறது. வாரம் முழுக்க மார்த்தாண்டத்துக்கும் நாகர்கோவிலுக்கும் வேலைக்குப் போய்வருகிற அதே ஸ்விஃப்டையோ போலோவையோ எடுத்துக்கொண்டு, கோயம்புத்தூர் செட்டிபாளையத்தில் இருக்கிற கரி மோட்டார் ஸ்பீட்வேக்கோ, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ட்ராக்குக்கோ போய் ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று. ரொம்ப நல்ல ஆசை. நாலுவழிச் சாலையில் அடுத்தவர் உயிரோடு விளையாடுவதை விட்டுவிட்டு ஹெல்மெட் போட்டு ட்ராக்கில் ஓட்டுகிறவனை நான் மனசாரப் பாராட்டுவேன். ஆனால் அவர்கள் முதல் பணத்தைக் கொண்டுபோய்ப் போடுவது சைலன்சரிலும் ஏர் ஃபில்டரிலும். என்னைக் கேட்டால் முதல் செலவு வீல் அலைன்மென்ட்தான், அதாவது சக்கரங்கள் நிற்கிற கோணத்தைச் சரிசெய்வது.

அலைன்மென்டில் பார்க்க வேண்டிய கோணங்கள் மூன்று. வண்டியை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரம் உள்ளே சாய்ந்திருக்கிறதா வெளியே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். மேல்பக்கம் உள்ளே சாய்ந்தால் நெகட்டிவ். மேலிருந்து பார்க்கும்போது இரண்டு சக்கரங்களும் முன்பக்கம் நெருங்கியிருந்தால் டோ இன், விலகியிருந்தால் டோ அவுட். மூன்றாவது கேஸ்டர், அதாவது சக்கரம் திரும்புகிற அச்சு, பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது, பின்னோக்கி எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பது. நாம் ஓட்டுகிற சாதாரண வண்டிகளில் அதை மாற்ற வழி கிடையாது; இடது வலது வித்தியாசம் மட்டும் பார்த்தால் போதும், வித்தியாசம் இருந்தால் கேஸ்டர் குறைவான பக்கத்துக்கு வண்டி இழுக்கும்.

ட்ராக்கில் வளைவு எடுக்கும்போது பாடி வெளிப்பக்கமாகச் சாய்கிறது, அதோடு வெளிப்பக்கத்து டயரும் சாய்ந்து, தரையில் முழுசாகப் படிய வேண்டிய ரப்பர் ஓரத்தில் மட்டும் நிற்கிறது. கம்பெனி செட்டிங்கில் கேம்பர் பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும் என்பதால், நாலு ரவுண்டு வேகமாக ஓட்டிவிட்டு இறங்கி முன் டயரைப் பாருங்கள், வெளி ஓரம் உருண்டு மழுங்கியிருக்கும். பல டயர்களில் பக்கவாட்டில் சின்னதாக முக்கோணக் குறி இருக்கும், தேய்மானம் அதையும் தாண்டிக் கீழே வந்திருந்தால் அந்த வண்டிக்கு நெகட்டிவ் கேம்பர் கட்டாயம் வேண்டும். அதற்கு முன்னால் டயரில் காற்று சரியாக இருந்ததா என்றும் பார்த்துவிடுங்கள், காற்று குறைந்தாலும் இதே மாதிரிதான் உருளும்.

ஸ்விஃப்ட் மாதிரி வண்டிகளில் முன்னால் இருப்பது மெக்பர்சன் ஸ்ட்ரட், ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண். ஸ்ட்ரட்டும், சக்கரத்தைத் தாங்குகிற நக்கிளும் சேரும் இடத்தில் இரண்டு போல்ட் உண்டு. அதில் ஒன்றைக் கழற்றிவிட்டு, திருகினால் சக்கரத்தின் சாய்வை மாற்றுகிற கேம்பர் போல்ட் போட்டால் ஒரு டிகிரி, ஒன்றரை டிகிரி வரை கிடைக்கும். செலவும் அதிகமில்லை. ஆனால் அந்த போல்ட் ஒரிஜினலைவிட மெலிசு, சொன்ன டார்க்கில், அதாவது சொன்ன முறுக்கு விசையில், முறுக்கவில்லை என்றால் ஒரு பெரிய குழியில் இறங்கினதும் நழுவிவிடும், அதனால் பெயின்டால் ஒரு கோடு போட்டுவைத்து அவ்வப்போது பார்க்க வேண்டும். ஸ்ட்ரட்டின் உச்சியில் கேம்பர் பிளேட் போட்டால் இன்னும் நிறைய சாய்க்கலாம்தான், ஆனால் அங்கே அதிர்வைத் தாங்குகிற ரப்பர் போய்விடும், குலசேகரம் பேச்சிப்பாறைப் பக்கம் எஸ்டேட் ரோட்டில் தினமும் போகிறவர் ஒரே மாதத்தில் அந்தச் சத்தத்தில் வெறுத்துவிடுவார். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துகிற வேலையை மட்டும் யாரும் செய்யாதீர்கள். ஆபத்து என்பது ஒரு பக்கம், சக்கரத்தின் அடிப்பக்கத்தைப் பாடியோடு இணைக்கிற லோயர் ஆர்மின் வெளி முனை மட்டத்துக்கு மேலே ஏறிவிட்டால் வண்டி சாயச் சாய நெகட்டிவ் கேம்பர் குறைந்துகொண்டே போகும், எதற்காகத் தாழ்த்தினோமோ அதற்கு நேர் எதிர்.

எவ்வளவு வைக்கலாம்? தினமும் ஓடுகிற வண்டிக்கு முன்னால் மைனஸ் ஒன்றரை டிகிரி என்பது என் கணக்கு. இரண்டுக்கு மேல் போனால் நேர்கோட்டில் பிரேக் பிடிக்கும்போது படிகிற ரப்பர் குறையும், நமக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை, அதை யோசிக்க வேண்டும். மண் தரையில் ஆட்டோகிராஸ் ஓட்டுகிறவருக்கு இந்த அளவுகூட வேண்டாம், அங்கே பிடிமானம் குறைவு, அதனால் வண்டி சாய்வதும் குறைவு.

இப்போது டோ. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். டயர் உள்பக்கம் தேய்ந்ததும் எல்லாரும் கேம்பரைத் திட்டுகிறார்கள், உண்மையில் டயரைத் தின்பது பெரும்பாலும் டோ. ஒரு கணக்கு சொல்கிறேன். ஒரு சக்கரத்தில் டோ வெறும் 0.1 டிகிரி விலகியிருந்தால், ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறக்குறைய 1.7 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. நாகர்கோவிலிலிருந்து கோயம்புத்தூர் போய்வர குறைந்தது 800 கிலோமீட்டர் என்றே வைத்துக்கொள்வோம், கிட்டத்தட்ட 1400 மீட்டர் தூரத்துக்கு ரப்பரைத் தரையில் போட்டு உரசியதாகிறது! அதோடு நெகட்டிவ் கேம்பரும் சேர்ந்தால் அந்த உரசல் முழுக்க உள் ஓரத்தில் விழுகிறது. உள்ளங்கையை டயரின் மேல் குறுக்காக, உள்ளேயிருந்து வெளியே ஒரு தரம், வெளியேயிருந்து உள்ளே ஒரு தரம் தடவிப் பாருங்கள். ஒரு பக்கம் வழுவழுவென்று போய் மறுபக்கம் ரம்பப் பல் மாதிரி தட்டினால் டோ சரியில்லை.

முன்னால் கொஞ்சம் டோ அவுட் வைத்தால் ஸ்டியரிங்கைத் திருப்பினதும் மூக்கு சட்டென்று உள்ளே போகும், பந்தயம் ஓட்டுகிறவர்கள் அதற்காகத்தான் வைக்கிறார்கள். ஆனால் அதே செட்டிங்கோடு ஆரல்வாய்மொழி, முப்பந்தல் தாண்டிப் பாருங்கள், காற்றாலை சுற்றுகிற அந்தக் காற்று ஒரு தள்ளு தள்ளும்போது வண்டி அலைபாயும், ஸ்டியரிங்கை விட்டுக் கையை எடுக்க முடியாது. அதனால் தினசரி வண்டிக்கு முன் டோ பூஜ்யம், கேம்பர் மட்டும் கூடுதல். இரண்டையும் சேர்த்து ஆசைப்படாதீர்கள்.

அலைன்மென்ட் கடையில் என்ன சொல்ல வேண்டும்? 'பச்சைக்குள் வந்தால் போதும்' என்று விட்டுவிடக் கூடாது. கம்ப்யூட்டரில் அந்தப் பச்சை கொஞ்சம் அகலமான எல்லை, இடது சக்கரம் ஒரு ஓரத்திலும் வலது சக்கரம் மறு ஓரத்திலும் இருந்தாலும் பச்சைதான் காட்டும். நமக்கு வேண்டிய எண்ணை எழுதிக் கொடுத்து, முடிந்ததும் பிரின்ட் கேளுங்கள். மேடையில் ஏற்றுவதற்கு முன்னால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கிற டை ராட் எண்ட், லோயர் ஆர்ம் முனையில் இருக்கிற பால் ஜாயின்ட், அந்த ஆர்மின் ரப்பர் புஷ், மூன்றையும் ஆட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், புஷ் போன வண்டிக்கு அலைன்மென்ட் பார்ப்பது வீண் காசு. கேம்பரை முதலில் வைத்து டோவைக் கடைசியில்தான் வைக்க வேண்டும், கேம்பரை மாற்றினால் டோ தானாக மாறிவிடும். டிரைவர் சீட்டில் நம்ம எடைக்கு மணல் மூட்டை வைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது. சில கடைக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை.

பின் சக்கரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். ஸ்விஃப்டில் பின்னால் இருப்பது டார்ஷன் பீம், இரண்டு சக்கரத்தையும் இணைக்கிற ஒரே உத்திரம், திருகி மாற்ற ஒன்றும் இல்லை, ஆனால் பீம் எங்காவது இடிபட்டு வளைந்திருந்தால் பின்னால் அளக்காமல் முன்னால் மட்டும் சரிசெய்தால் ஸ்டியரிங் கோணலாகத்தான் நிற்கும்.

வீட்டில் பார்க்கவும் வழி உண்டு, கொத்தனாரிடம் இருக்கிற நூலும் தூக்குக்குண்டும் போதும். மட்டமான தரையில் வண்டியை நிறுத்தி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, இரண்டு பக்கமும் நீளமாக நூல் கட்டுங்கள். முன் ஹப்பின் நடுவிலிருந்து நூல் வரை உள்ள தூரம் இடதும் வலதும் ஒன்றாக இருக்க வேண்டும், பின்னாலும் அப்படியே. முன்னும் பின்னும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை, இடது வலது சக்கரங்களுக்கு நடுவே உள்ள தூரம் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அப்புறம் முன் சக்கரத்தின் ரிம்மில் முன் விளிம்பிலிருந்து நூலுக்கு ஒரு அளவு, பின் விளிம்பிலிருந்து ஒரு அளவு. முன் விளிம்பு நூலுக்குக் கூடுதல் நெருக்கமாக இருந்தால் டோ அவுட். தூக்குக்குண்டை ரிம்முக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு மேல் விளிம்பையும் கீழ் விளிம்பையும் அளந்தால் கேம்பர் தெரிந்துவிடும். விளிம்புக்கு விளிம்பு 380 மில்லிமீட்டர் உள்ள ரிம்மில் ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 6.6 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும்.

கடைசியாக, குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலோரத்தில் வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. உப்புக் காற்றில் டை ராட் லாக் நட் துருப்பிடித்து இறுகிவிடும், கடையில் அவசரத்தில் அடித்துத் திருகினால் மரை போய்விடும். அலைன்மென்டுக்கு இரண்டு நாள் முன்னாலேயே துரு இளக்கும் எண்ணெய் தெளித்து ஊறவிடுங்கள், வேலை முடிந்ததும் லாக் நட்டை முறுக்கினார்களா என்று நீங்களே குனிந்து பார்த்துவிட்டு வண்டியை எடுங்கள். வணக்கம்.