படத்தில் நிற்பது எந்தக் கொக்கு?

அனைவருக்கும் வணக்கம். கண்மாய்க் கரையிலோ வயல் வரப்பிலோ ஒரு பறவையைப் படமெடுத்து, "இது என்ன பறவை?" என்று கேட்டு அனுப்புவது இன்றைக்கு அன்றாடம் நடக்கிற காரியம். அந்தக் கேள்விக்குச் சரியான பதில் வேண்டுமானால், படம் எங்கெல்லாம் நம்மை ஏமாற்றும் என்பது முதலில் தெரிய வேண்டும். படத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் கெட்டுப்போவது நிறம். அடுத்தது அளவு. கடைசிவரை தாக்குப்பிடிப்பது உடலின் விகிதம்: தலைக்கு அலகு எவ்வளவு நீளம், கழுத்து எங்கே வளைகிறது, கால் எவ்வளவு உயரம் என்பவை. ஆனால் நாம் நேர்மாறாகத்தான் பார்க்கிறோம். நிறத்தைப் பார்த்த உடனே பெயரைச் சொல்லிவிடுகிறோம். பெரும்பாலான தவறுகள் அங்கேதான் பிறக்கின்றன.

எல்லோருக்கும் தெரிந்த பறவையையே எடுத்துக்கொள்வோம். நடவு வயலில் நிற்கும் வெள்ளைக் கொக்கு. அது நான்கில் ஒன்றாக இருக்கலாம்: உண்ணிக்கொக்கு, சின்னக் கொக்கு, நடுத்தரக் கொக்கு, பெரிய கொக்கு. கறுப்பு அலகு என்றால் சின்னக் கொக்கு, மஞ்சள் அலகு என்றால் மற்றவை என்று பலர் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள். பாதி நாள் இது சரியாக வரும். ஆனால் இனப்பெருக்க காலத்தில் பெரிய கொக்குக்கும் நடுத்தரக் கொக்குக்கும் அலகு கறுத்துவிடும். வேடந்தாங்கலில் வடகிழக்குப் பருவமழைக்குப் பிறகு கூடு கட்டும் சமயத்தில் எடுத்த படத்தைக் கொண்டுவந்து "கறுப்பு அலகு, ஆகவே சின்னக் கொக்கு" என்றால், ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளமுள்ள பறவையை அறுபது சென்டிமீட்டர் பறவையாகக் குறைத்துவிட்டோம் என்று பொருள்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? தலையைப் பெரிதாக்கி, வாய்க்கோட்டைப் பாருங்கள். அலகு பிளக்கிற கோடு கன்னத்துக்குள் எதுவரை ஓடுகிறது? கண்ணைத் தாண்டிப் பின்னால் போனால் பெரிய கொக்கு. கண்ணுக்கு நேர் கீழே நின்றுவிட்டால் நடுத்தரக் கொக்கு. அலகின் நிறம் மாறினாலும் இந்தக் கோடு ஆண்டு முழுவதும் அப்படியே இருக்கும். பெரிய கொக்கின் கழுத்தில் நடுவே முறித்து வைத்தாற்போல் ஒரு மடிப்பும் தெரியும். உண்ணிக்கொக்குக்கு அலகு தலையை விடக் குட்டை. மோவாய்க்குக் கீழே இறகு உப்பி, தாடை கனத்தது போல் இருக்கும். சின்னக் கொக்குக்கு ஊசி போன்ற நீண்ட கறுப்பு அலகு, கறுப்புக் கால், மஞ்சள் பாதம்.

பாதத்தில் ஒரு தொல்லை உண்டு. சேற்றில் நடந்த கொக்குக்கு மஞ்சள் பாதமே தெரியாது. ஒரே படத்தை வைத்துக்கொண்டு "பாதம் கறுப்பாக இருக்கிறது" என்று வாதிடக் கூடாது. அது பறக்கும்போதோ, தெளிந்த நீரில் காலைத் தூக்கும்போதோ எடுத்த இன்னொரு படம் வேண்டும். கோடியக்கரை, பழவேற்காடு போன்ற கடலோர இடங்களில் இன்னும் எச்சரிக்கை தேவை. அங்கே வெஸ்டர்ன் ரீஃப் எக்ரெட் என்ற கடற்கரைக் கொக்கின் வெண்ணிற வடிவமும் திரியும். அதன் அலகு சின்னக் கொக்கின் அலகைவிடத் தடித்தது, பழுப்பு கலந்த மஞ்சள் நிறம் கொண்டது.

வாய்க்கோட்டைப் பாருங்கள் என்கிறோம், ஆனால் அனுப்பப்படும் பல படங்களில் கொக்கின் முகமே வெறும் வெள்ளைத் திட்டாக இருக்கிறது. காரணம் எளிது. சுற்றிலும் இருண்ட நீரும் சேறும் இருப்பதால் கேமரா மொத்தக் காட்சியையும் வெளிச்சமாக்கப் பார்க்கிறது. வெள்ளை இறகு வெந்துபோகிறது. வெயிலில் நிற்கும் வெள்ளைப் பறவைக்கு எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தை, ஒரு ஸ்டாப் (ஒரு படி) குறையுங்கள், மைனஸ் 1 போதும். கைப்பேசியானால் திரையில் பறவையைத் தொட்டுவிட்டு, வெளிச்சக் குறியைக் கீழே இழுங்கள். வானத்துக்கு எதிரே பறக்கும் பருந்துக்கு இதற்கு நேர்மாறு: பிளஸ் 1 அல்லது 1.5. இல்லாவிட்டால் கறுப்பு நிழல்தான் மிஞ்சும். பறப்பதை எடுக்க ஷட்டர் வேகம் நொடியில் 1000-இல் ஒரு பங்காவது வேண்டும். சிறு பறவைக்கு 2000-இல் ஒரு பங்கு.

பருந்து என்றதும் வாலைப் பார்க்கச் சொல்வது வழக்கம். கரும்பருந்துக்கு வால் பிளவுபட்டிருக்கும், செம்பருந்துக்கு உருண்டையாக முடியும். ஆனால் கரும்பருந்து வாலை முழுக்க விரித்துத் திரும்பும் நொடியில் பிளவு மறைந்து ஓரம் நேர்கோடாகிவிடும். தொடர்ச்சியாகப் பத்துப் படம் எடுத்தால் ஒன்றிலாவது வால் சுருங்கியிருக்கும். வந்தவற்றில் அழகான ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை அழிக்கிற பழக்கம் அடையாளம் காண்பதற்குப் பெரிய எதிரி. மங்கலான படத்தில்தான் சிறகின் அடிப்புறம் தெரியும்.

இதற்கு நல்ல சாட்சி, நீரோரத்தில் இரை தேடும் உள்ளான்கள் என்ற பறவைகள். ஆகஸ்ட் முதல் நம் வயல்களுக்கு வரும் பொரி உள்ளானையும், அதைப் போலவே இருக்கும் கிரீன் சாண்ட்பைப்பர் என்ற இன்னொரு உள்ளானையும் பிரிப்பதற்குள் பலர் தவித்துப்போகிறார்கள். நிற்கும் படத்தில் புருவக்கோட்டைப் பாருங்கள்: பொரி உள்ளானுக்கு வெள்ளைக் கோடு கண்ணைத் தாண்டிப் பின்னால் நீளும், மற்றதற்குக் கண்ணோடு நின்றுவிடும். பொரி உள்ளானின் முதுகில் பொரி தூவினாற்போல் வெளிறிய புள்ளிகள், கால் மஞ்சள் சாயலில் இருக்கும். ஆனால் மாலை வெயிலில் எல்லாக் காலும் மஞ்சள்தான். எதிர்வெளிச்சத்தில் எல்லாக் காலும் கறுப்புதான். அப்போது பறவை எழும்பும் நொடியில் எடுத்த அந்த மங்கலான படம் கைகொடுக்கும். இரண்டுக்கும் பிட்டம் வெள்ளை, அது உதவாது. சிறகின் அடி கரியைப் பூசினாற்போல் இருண்டிருந்தால் கிரீன் சாண்ட்பைப்பர், வெளிறிய சாம்பலாக இருந்தால் பொரி உள்ளான்.

விசிறிவால் உள்ளானும் ஊசிவால் உள்ளானும் இதைவிடக் கடினம். நிற்கும்போது கிட்டத்தட்ட ஒரே உருவம். ஊசிவாலுக்கு வாலின் இரு ஓரத்திலும் ஊசி போல் மெலிந்த இறகுகள் வரிசையாக இருக்கும். சாதாரணமாக அவை மூடியே கிடக்கும். காலையில் இறகு கோதும்போது வாலை விரிக்கும், அந்த ஓரிரு நொடிகளுக்குக் காத்திருக்க வேண்டும். விசிறிவாலுக்குப் பறக்கும்போது சிறகின் பின்னோரத்தில் தெளிவான வெள்ளைக் கோடு உண்டு. அதைப் பார்ப்பதற்காகப் பறவையை விரட்டி எழுப்பாதீர்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து இரை தேடிக்கொண்டிருக்கும் உயிர் அது.

அளவைப் பற்றி ஒரு சொல். தூரத்தில் இருப்பதை அருகே காட்டும் டெலி லென்ஸில் பின்னால் நிற்கும் பறவை தூரத்துக்கு ஏற்பச் சிறுத்துத் தெரியாது. அதனால் கண் அதைப் பெரிய பறவை என்று எடுத்துக்கொள்ளும். ஒப்பிட வேண்டுமானால் இரண்டும் ஒரே தூரத்தில், ஒரே கூர்மையில் இருக்க வேண்டும். நமக்கு அளவு தெரிந்த மடையானோ எருமையோ பக்கத்தில் நின்றால் அதை வெட்டி எறியாதீர்கள். விகிதத்தை அளக்கும்போதும் பறவை பக்கவாட்டில் நிற்கும் படத்தையே எடுங்கள். முகத்தைச் சற்றே நம் பக்கம் திருப்பினாலும் அலகு குட்டையாகிவிடும்.

இப்போது புதிதாக வந்திருக்கும் ஆபத்து, கைப்பேசியே படத்தைத் திருத்துவது. முப்பது மடங்கு ஜூமில் தெரியும் இறகு வரிகளில் பல, மென்பொருள் ஊகித்து நிரப்பியவை. அந்த வரிகளை எண்ணி இனம் முடிவு செய்யவே கூடாது. தெளிவில்லாத படத்தைச் செயலியில் கொடுத்துக் கூர்மையாக்கி அனுப்புவதைவிட, தெளிவில்லாமலே அனுப்புவது மேல். மெர்லின் போன்ற செயலிகள் பெயர் சொல்லும். அதை ஒரு யோசனையாக வைத்துக்கொண்டு, இடமும் மாதமும் பொருந்துகிறதா என்று நாம்தான் சரிபார்க்க வேண்டும்.

படத்தை வைத்து முடியாதவையும் உண்டு. குளிர்காலத்தில் மேற்குத் தொடர்ச்சி மலைக்கு வரும் லீஃப் வார்ப்ளர்கள் என்ற சிறு பறவைகள் அப்படி. பச்சை முதுகு, வெளிறிய வயிறு, சிறகில் ஒரு மெல்லிய பட்டை. அந்தப் பட்டையும் மார்ச்சுக்குள் தேய்ந்துவிடும். அங்கே கேமராவைத் தாழ்த்திவிட்டு, கைப்பேசியில் குரலை அரை நிமிடம் பதிவு செய்யுங்கள். குரலும் கிடைக்கவில்லையா, ஈபேர்ட் என்ற பறவைப் பதிவுத் தளத்தில் "இதுவோ அதுவோ" என்று பதிய இடம் இருக்கிறது. தவறான பெயரைவிட அந்தப் பதிவு எவ்வளவோ மதிப்புள்ளது.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் புகைப்படமாக அல்லாமல் டாக்குமெண்டாக அனுப்புங்கள். புகைப்படமாக அனுப்பினால் அளவு சுருங்கி, எடுத்த நேரமும் இடமும் அழிந்துபோகும். கேமரா கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்றும் பாருங்கள். பேட்டரியைக் கழற்றி வைத்திருந்த கேமரா பழைய தேதிக்குப் போய்விடும், ஜூனில் எடுத்த படம் ஜனவரிப் படமாக வரும்.

மூலக் கோப்பை மட்டும் எந்நாளும் அழிக்காதீர்கள். லெஸ்ஸர் சாண்ட் பிளவர் என்று நாம் எழுதிவந்த கடலோரப் பறவையான உப்புக்கொத்தியைச் சமீப ஆண்டுகளில் சைபீரியன், திபெத்தியன் என்று இரண்டு இனங்களாகப் பிரித்துவிட்டார்கள். இனப்பெருக்கக் கோலத்தில் இருக்கும் ஆணுக்கு நெற்றி வெள்ளையாக இருந்தால் சைபீரியன், கறுப்பாக இருந்தால் திபெத்தியன். கோடியக்கரையில் அவை கிளம்பும் முன், ஏப்ரலில் எடுத்த பழைய படம் உங்கள் கணினியில் இருந்தால், இன்று இரவே திறந்து நெற்றியைப் பாருங்கள்.