ஊரான் பிள்ளைக்கு எந்த மொழியில் ஊட்டுவது?

(மொன்றியலில் நடந்த நிதி சேர்ப்பு மாலையில் பேசியது. கேட்டவர்கள் எழுதித் தரச் சொன்னதால் பேசியபடியே எழுதியிருக்கிறேன்.)

எல்லோருக்கும் வணக்கம். சங்கத் தலைவர் அவர்களுக்கும், இந்த மண்டபத்தை ஒரு சதம் வாங்காமல் திறந்துவிட்ட பங்குத்தந்தை அவர்களுக்கும், இந்த மழையிலும் வந்திருக்கிற நகரசபை உறுப்பினர் அம்மாவுக்கும், தமிழ்ப் பள்ளி அதிபருக்கும், வேலை முடிந்த கையோடு உடுப்புக்கூட மாற்றாமல் வந்திருக்கிற தாதிமார் அக்காமாருக்கும், விடியற்காலையில் இருந்து கீழே அடுப்படியில் நிற்கிற அண்ணாமாருக்கும் என் நன்றி. முன்வரிசையில் இருக்கிற எங்கள் ஹெய்ட்டி உறவுகளுக்கு அவர்களுடைய மொழியிலேயே ‘பொன்ஸ்வா’ சொல்லிக்கொள்கிறேன். யாரையாவது விட்டிருந்தால் வயதுக்காக மன்னித்துக்கொள்ளுங்கள், உங்கள் எல்லோரையும் இங்கே பார்க்க எனக்கு மனம் நிறைந்திருக்கிறது.

நான் எங்கே பேசினாலும் தொடங்குகிற பழமொழி உங்களுக்குத் தெரியும். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும். இன்றைக்கும் அதுதான்.

ஹெய்ட்டியில் ஜக்மெல் பட்டணத்துக்கு மேலே மலைக்கிராமம் ஒன்றில், அந்த ஊர்ப் பெடியன்களும் பெட்டைகளும் ஒவ்வொரு ஜூலையிலும் தொடங்கி ஆறு வாரம் நடத்துகிற கோடை முகாமுக்காகத்தான் இந்த மாலை. அதைப் பற்றி மூன்று விஷயம் சொல்ல வந்தேன்: காசு, பாதுகாப்பு, மொழி. காசுக் கணக்கைப் பொருளாளர் என்னைவிட நன்றாகச் சொல்லுவார், அவரிடமே விடுகிறேன்.

அந்த முகாமுக்கு நான் 2017 ஜூலையில் போனேன். என்னோடு வேலை செய்த ஹெய்ட்டி அக்கா ஒருவர்தான் கூட்டிக்கொண்டு போனார். சும்மா போகக்கூடாது என்று ஒரு மாதமாகக் கடை கடையாக ஏறி இறங்கி, பிரெஞ்சு மொழிச் சிறுவர் கதைப் புத்தகங்கள் வாங்கி, 23 கிலோ வீதம் இரண்டு பெட்டி நிறைய அடைத்துக்கொண்டு போனேன். லியோகானைத் தாண்டி, மலைப்பாதையில் சுற்றிச் சுற்றி ஏறி இறங்கிப் போய்ச் சேரும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. மாமர நிழலில் தறப்பாள் கட்டி 60 பிள்ளைகள் வரை இருந்தார்கள். பெரிய சட்டியில் சோறும் அவரையும் வெந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் சின்னப் பெண்கள் ஆட்டு முழங்கால் எலும்பை மேலே எறிந்து பிடித்து விளையாடினார்கள், அவர்கள் அதை ஓஸ்லே என்கிறார்கள். பார்த்தால் எங்கள் கொக்கான்! கல்லுக்குப் பதில் எலும்பு, அவ்வளவுதான். நானும் குந்தியிருந்து இரண்டு ஆட்டம் ஆடித் தோற்றேன்.

முகாமுக்குப் பொறுப்பாக இருந்தவளுக்கு வயது 19. 2010 ஜனவரி 12ஆம் திகதி பூமி குலுங்கியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை. பல மாதம் தறப்பாளுக்குக் கீழே கிடந்த அந்தக் காலத்தில், பக்கத்துக் கூடாரத்து அக்காமார் பின்னேரங்களில் பிள்ளைகளைச் சேர்த்துப் பாட்டுப் பாடி, கதை சொல்லி, பயத்தை மறக்கப் பண்ணினார்களாம். அதுதான் தான் போன முதல் முகாம் என்று சொன்னாள். இப்போது அவளும் அவளுடைய கூட்டாளிகளும் அதையே செய்கிறார்கள். அந்த இளைஞர்களைப் பிள்ளைகள் மோனிட்டே என்று கூப்பிடுகிறார்கள்.

சரி, பெட்டியைத் திறந்தேன். ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஓடி வந்து ஒரு புத்தகத்தை எடுத்து உரத்து வாசித்தான். தண்ணீர் ஓடுவது போல ஓடியது, ஒரு தடங்கல் இல்லை. எனக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு பக்கம் முடிந்ததும், கதையில் என்ன நடந்தது என்று கேட்கச் சொன்னேன். பையன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றான். திரும்பக் கேட்டார்கள். பேச்சில்லை. ஒரு வரிகூட அவனுக்கு விளங்கியிருக்கவில்லை. எழுத்தைக் கூட்டிச் சத்தம் போட மட்டும் பள்ளிக்கூடத்தில் பழகியிருக்கிறான்.

முகாமுக்குப் பொறுப்பான அந்தப் பெண் என்னை ஒன்றும் சொல்லவில்லை. புத்தகங்களை வாங்கி ஒழுங்காக அடுக்கி வைத்துவிட்டு, பிள்ளைகள் பக்கம் திரும்பி ஒரே ஒரு சொல் சொன்னாள்: “க்ரிக்?” அறுபது தொண்டையும் ஒன்றாக “க்ராக்!” என்றன. கதை சொல்லத் தொடங்குகிறவர் க்ரிக் என்று கேட்பார், கேட்கத் தயார் என்றால் க்ராக் என்று பதில் சொல்ல வேண்டும், அது அந்த நாட்டு வழக்கம். அவள் அந்தப் பையனைத்தான் நடுவில் விட்டாள். தலைகுனிந்து நின்ற அதே பையன்! மலிஸ் என்ற தந்திரக்காரன் பூக்கி என்ற சாப்பாட்டுராமனை எப்படி ஏமாற்றினான் என்ற நாட்டுப்புறக் கதையை, அவர்கள் வீட்டில் பேசுகிற கிரேயோல் மொழியில் எடுத்துவிட்டான். நடுவில் தன்னுடைய அம்மம்மாவின் ஆட்டையும் சந்தைக்குப் போகிற டப்டப் வண்டியையும் நுழைத்தான், குரல் மாற்றினான், விழுந்து காட்டினான், இருபது நிமிடம் விடவில்லை. சமைத்துக்கொண்டு நின்ற அம்மாகூட அகப்பையோடு வந்து நின்றுவிட்டார். எனக்குச் சொல் விளங்கவில்லை, ஆனால் அந்தப் பிள்ளை யார் என்று விளங்கியது.

அன்றைக்கு ராத்திரி எனக்கு நித்திரை வரவில்லை. எங்கள் பிள்ளைகள் இங்கே மேடையில் ஏறி, பொருள் தெரியாத தமிழ்ப் பாட்டை மனப்பாடமாக ஒப்பிக்க, நாங்கள் கைதட்டுகிறோம். அதுவும் இதுவும் ஒன்றுதானே என்று படுத்துக்கொண்டே யோசித்தேன்.

ஹெய்ட்டியில் எல்லோரும் பேசுவது கிரேயோல். பிரெஞ்சை நன்றாகப் பேசுகிறவர்கள் ஒரு சிறு பகுதியினர்தான். 1804இல் அடிமைச் சங்கிலியை அறுத்துக்கொண்டு தாங்களே சுதந்திரம் அறிவித்த மக்கள் அவர்கள். அதற்குத் தண்டம் போல 1825இல் பிரான்ஸ் 15 கோடி பிராங்க் கேட்டதையும், அதற்காகப் பட்ட கடன் 1947 வரை இழுபட்டதையும் நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடன் தீர்ந்த பிறகும் வகுப்பறையில் பிரெஞ்சுதான் எசமான். 1979இல் தொடங்கிய கல்விச் சீர்திருத்தம் கிரேயோலைப் பள்ளிக்குள் கொண்டுவந்தது, 1987 அரசியல் சட்டம் அதை ஆட்சி மொழியாக்கியது. இருந்தும் எத்தனையோ பள்ளிகளில் பிள்ளை விளங்காத மொழியில்தான் பரீட்சை எழுதுகிறது. இலங்கையில் சிங்களத்தை மட்டும் ஆட்சி மொழியாக்கி 1956இல் வந்த ஒரு சட்டம் எங்கள் அப்பாமாரை என்ன செய்தது என்று இந்த மண்டபத்தில் நான் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

மாற்றிக் காட்டியவர்களும் அங்கேயே இருக்கிறார்கள். லா கொனாவ் தீவில் மத்தேன்வா என்ற ஊரில் 1996இல் தொடங்கிய சமூகப் பள்ளியில் பிள்ளைகள் தங்கள் கதையைத் தாங்களே கிரேயோலில் எழுதிப் படம் போட்டு, அதையே வைத்து வாசிக்கப் பழகுகிறார்கள். மசாசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தில் மொழியியல் பேராசிரியராக இருக்கிற மிஷேல் டெக்ராஃப், அவரும் ஹெய்ட்டிக்காரர்தான், கணக்கையும் விஞ்ஞானத்தையும் கிரேயோலில் கற்பிக்க முடியும் என்று பாடங்களே உருவாக்கியிருக்கிறார்.

பாதுகாப்பு பற்றிச் சொல்வதாகச் சொன்னேன். தலைநகரிலிருந்து தெற்கே போகிற பெரிய வீதி 2021 ஜூனில் ஆயுதக் கும்பல்களின் கைக்குப் போனது. பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வீட்டை விட்டு ஓடியிருக்கிறார்கள், அவர்களில் பாதிக்கு மேல் பிள்ளைகள். நாங்கள் போக முடியாது. போகவும் வேண்டாம் என்றுதான் சொல்வேன். ஐ.நா.வின் நீலத் தொப்பி போட்டுக்கொண்டு அமைதி காக்கப் போனவர்களில் 100க்கும் மேற்பட்ட இலங்கைப் படையினர் பாலியல் குற்றச்சாட்டில் 2007இல் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அதில் பிள்ளைகளும் பாதிக்கப்பட்டார்கள். 2010இல் வெளியிலிருந்து வந்த ஐ.நா. படையினரின் முகாம் ஒன்றின் கழிவிலிருந்து ஆற்றில் கொலரா கலந்தது, ஏறத்தாழ 10,000 பேர் செத்தார்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்கச் சொன்னவர்கள் ஊட்டுகிற கை எப்படிப்பட்டது என்று பார்க்கவும் சொல்லியிருப்பார்கள். இந்த முகாமில் ஊட்டுவது அந்த ஊரின் கை. ஓடிவந்த பிள்ளையின் தாயை அந்த மோனிட்டேக்குத் தெரியும், எந்தப் பிள்ளை யார் வீட்டில் வேலைக்கு நிற்கிறது என்றும் தெரியும், அந்த வீட்டுக்குப் போய்ப் பேசி அந்தப் பிள்ளையையும் முகாமுக்குக் கூட்டி வருகிறார்கள். அவர்களுடைய பழமொழி ஒன்று: “மே ஆம்ப்பில், ஷாய் பா லூ.” பல கைகள் சேர்ந்தால் சுமை கனக்காது.

அதனால் நான் கேட்பது இரண்டு. மோனிட்டேமாருக்கு அந்த ஆறு வாரத்துக்கு ஒரு கைச்செலவுக் காசு, பிள்ளைகள் எழுதுகிற கிரேயோல் கதைகளை அச்சடிக்கக் காசு. பழைய உடுப்பு, பழைய பொம்மை, பிரெஞ்சுப் புத்தகம், நான் செய்தது போல, தயவுசெய்து வேண்டாம். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்க்கிறபோது அந்தப் பிள்ளைக்குப் பிடித்த சோற்றைத்தானே ஊட்ட வேண்டும்?

அந்தப் பையனின் கதைக்கு என்ன ஆனது என்று பின்னால் ஒரு தங்கை கேட்கிறார். அடுத்த நாள் காலையில் அந்தப் பெண் அவன் சொன்னதை அப்படியே பெரிய தாளில் எழுதி மரத்தில் மாட்டினாள். தான் சொன்ன சொல் ஒவ்வொன்றும் எழுத்தாக நிற்பதைப் பார்த்து, விரலை வைத்து வைத்து அவன் வாசித்தான். முதல் நாள் போல ஓடவில்லை, நின்று நின்று, அம்மம்மாவின் ஆடு வந்த இடத்தில் சிரித்துக்கொண்டு வாசித்தான். பிறகு படம் போட்டுக் கொப்பியாக்கினார்கள். அதன் ஒரு பிரதியைத்தான் இப்போது முன்வரிசைக்குக் கொடுக்கிறேன். பன்னிரண்டு பக்கம், அட்டையில் இருப்பது ஆடுதான். கடைசி வரிசை வரைக்கும் போகட்டும். எல்லோரும் பார்த்த பிறகு வாசல் மேசையில் வைத்துவிடுங்கள், பக்கத்திலேயே பெயர் எழுதுகிற புத்தகமும் பேனாவும் இருக்கின்றன.