ஒதுங்கி நிற்பது பாதுகாப்பு ஆகாது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் தோழியரே, பெற்றோரே, அனைவருக்கும் வணக்கம்.

இளம்பெண்கள் அன்றாட வாழ்வில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைக் கையாள ஊக்குவிக்க வேண்டுமா, ஒதுங்கியிருக்கச் சொல்ல வேண்டுமா என்பது இன்றைய கேள்வி. ஊக்குவிக்கத்தான் வேண்டும் என்பது எங்கள் அணி. எனக்கு முன் பேசிய எதிரணித் தோழி மூன்று குற்றச்சாட்டுகளை வைத்தார். இந்தக் கருவிகள் பெண்ணை ஓரவஞ்சனையோடு பார்க்கின்றன, பெண்ணின் படத்தையும் அந்தரங்கத்தையும் வெளியே இழுக்கின்றன, யோசிக்கும் பழக்கத்தைக் கெடுக்கின்றன என்றார். மூன்றும் உண்மையான கவலைகள். ஆனால் மூன்றுக்கும் அவர் எழுதித் தந்த மருந்து ஒன்றே ஒன்று: தொடாதே. அந்த மருந்தைத்தான் நான் எதிர்க்கிறேன்.

"தேவைப்பட்டால் அவர்களே எடுத்துக்கொள்வார்கள், ஊக்குவிப்பு எதற்கு?" என்றும் அவர் கேட்டார். நடுவர் அவர்களே, நார்வேயில் பொருளியல் கல்லூரி மாணவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாடத்தில் சாட்ஜிபிடி என்ற செயற்கை நுண்ணறிவு உரையாடல் கருவியைப் பயன்படுத்தலாம் என்று ஆசிரியர் சொன்னால் என்ன செய்வாய், கூடாது என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். 'பயன்படுத்தலாம்' என்றபோது ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய மறைந்துபோனது. 'கூடாது' என்றபோது ஆண்களில் பலர் தொடர்வோம் என்றார்கள். பெண்கள் அதைவிட மிக அதிகமாக விலகிக்கொண்டார்கள். விதியை மதிப்பது குறையல்ல, பெருமை. ஆனால் இது நமக்கு ஒன்றைக் காட்டுகிறது. பெண்களிடம் திறமையும் ஆர்வமும் இருக்கின்றன. 'செய்யலாம்' என்ற ஒரு சொல்தான் அவர்கள் காதில் விழவில்லை. அந்தச் சொல்லை வீட்டிலும் வகுப்பிலும் அலுவலகத்திலும் வாய்திறந்து சொல்லுங்கள் என்றுதான் எங்கள் அணி கேட்கிறது.

சொன்னால் மட்டும் போதுமா? போதாது. எப்படிக் கையாள்வது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஓர் இளம்பெண்ணுக்கு முதல் வேலைக்கான நியமனக் கடிதம் வருகிறது. பன்னிரண்டு பக்கம், சட்டமொழி. வீட்டில் விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. முதலில் தன் பெயர், முகவரி, அடையாள எண், நிறுவனத்தின் பெயர் எல்லாவற்றையும் அழித்துவிட்டு உரையை மட்டும் கருவியில் ஒட்டட்டும். "சுருக்கிச் சொல்" என்று கேட்கக் கூடாது. சுருக்கினால் அவளுக்கு முக்கியமானதே விடுபட்டுப்போகும். இப்படிக் கேட்க வேண்டும்: "விலகுவதற்கு எத்தனை நாள் முன்னறிவிப்பு? இடையில் போனால் பணம் கட்ட வேண்டுமா? மகப்பேறு விடுப்பு பற்றி என்ன இருக்கிறது? வேறு ஊருக்கு மாற்ற அவர்களுக்கு உரிமை உண்டா? ஒவ்வொரு பதிலோடும் பத்தி எண்ணையும் அந்த வரியையும் அப்படியே எடுத்துக் காட்டு. ஆவணத்தில் இல்லாததை இல்லை என்று சொல்."

அடுத்த படிதான் உயிர்நாடி. அது காட்டிய வரியை மூல ஆவணத்தில் தேட வேண்டும். வரி கிடைக்காவிட்டால் அந்தப் பதில் கற்பனை. ஏன் கற்பனை வருகிறது? இந்தக் கருவிகள் அடுத்து வரக்கூடிய சொல் எது என்று கணித்துக் கணித்து வாக்கியத்தைக் கட்டுகின்றன. பொருத்தமாகத் தோன்றும் வரியும் உண்மையான வரியும் அவற்றுக்கு ஒரே மாதிரிதான் வெளிவரும். 2023ல் நியூயார்க்கில் வழக்கறிஞர்களே சாட்ஜிபிடி கொடுத்த, இல்லாத தீர்ப்புகளை நீதிமன்றத்தில் தாக்கல் செய்து 5,000 டாலர் அபராதம் பெற்றார்கள். மூலத்தில் தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்திருந்தால் அந்த இல்லாத தீர்ப்புகள் நீதிமன்றப் படியே ஏறியிருக்காது. அந்தப் பழக்கத்தை இருபது வயதிலேயே நம் பெண்ணுக்குக் கொடுங்கள் என்கிறேன்.

சம்பளப் பேச்சுக்கு வருகிறேன். தனக்கு என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்க ஒத்திகை கிடைக்காமல் எத்தனை பெண்கள் முதல் எண்ணுக்கே தலையாட்டிவிட்டு வருகிறார்கள்! இந்த ஒத்திகைக்கு இதைவிடப் பொறுமையான துணை கிடையாது. "நீ பணியமர்த்தும் மேலாளர். ஒரு நேரத்தில் ஒரு கேள்விதான் கேள். நான் பதில் சொன்ன பிறகே அடுத்தது. நான் கேட்கும் தொகையை இரண்டு முறையாவது மறு. பாராட்டாதே. எட்டுக் கேள்வி முடிந்ததும், எங்கே தயங்கினேன், எங்கே தேவையில்லாமல் மன்னிப்புக் கேட்டேன் என்று சொல்." 'பாராட்டாதே' என்பதை விட்டுவிடக் கூடாது. தங்கள் பதில்களுக்கு மனிதர்கள் கொடுத்த மதிப்பெண்ணை வைத்துப் பழக்கப்பட்டவை என்பதால், கேட்பவர் மனம் குளிரப் பேசும் சாய்வு இவற்றுக்கு உண்டு. சும்மா விட்டால் "அருமை, அருமை" என்றே சொல்லிக்கொண்டிருக்கும். நேர்காணலில் அந்த அருமை உதவாது. கூச்சம் போக வேண்டுமென்றால் தட்டச்சு செய்யாமல் குரல் வழியே பேசிப் பழக வேண்டும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன்பும் இது உதவும். எந்தத் தேதியில் வலி, எத்தனை மணி நேரம், மாதவிடாய் நாட்களோடு தொடர்பு உண்டா, எந்த மருந்து எடுத்தாள் என்று கலைந்து கிடக்கும் குறிப்புகளை ஒரு பக்கமாக அடுக்கித் தரச் சொல்லலாம். மருத்துவரிடம் கேட்க ஐந்து கேள்விகள் வாங்கிக்கொள்ளலாம். நோயின் பெயரையும் மருந்தின் அளவையும் அதனிடம் கேட்கக் கூடாது. அங்கே பிழை உடம்பில் போய் விழும்.

இப்போது ஓரவஞ்சனை. எதிரணித் தோழி அமேசானை எடுத்துக்காட்டினார். சரிதான். அந்த நிறுவனம் சோதித்த ஆள்தேர்வுக் கருவி, பெண்கள் என்ற சொல் வந்த விண்ணப்பங்களைக் கீழே தள்ளியது 2018ல் வெளியே தெரிந்தது. பத்தாண்டுகளாக வந்த, பெரும்பாலும் ஆண்களின் விண்ணப்பங்களைத் தின்று வளர்ந்த கருவி அது. அதே 2018ல் இன்னொன்றும் நடந்தது. அதைத் தோழி சொல்லவில்லை. ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு என்ற இரண்டு பெண்கள், முகத்தைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெளிர்நிற ஆண்களிடம் அதிகபட்சப் பிழை 0.8 சதவீதம், கருநிறப் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. மறுஆண்டு வெளிவந்த மறுசோதனையில் அதே நிறுவனங்களின் பிழை வெகுவாகக் குறைந்திருந்தது. ஓரவஞ்சனையைக் கண்டுபிடித்தவர்கள் கருவிக்குள் கைவைத்த பெண்கள், நடுவர் அவர்களே!

நம் பெண்களும் இந்தச் சோதனையை வீட்டிலேயே செய்யலாம். கருவியின் நினைவக வசதியை முதலில் அணைக்க வேண்டும்; இல்லாவிட்டால் பழைய பேச்சு புதியதில் கலந்துவிடும். பிறகு இரண்டு புதிய உரையாடல்கள். ஒரே படிப்பு, ஒரே அனுபவம், ஒரே பதவி. ஒன்றில் ஆண் என்றும் மற்றதில் பெண் என்றும் எழுதி, "எவ்வளவு சம்பளம் கேட்கலாம்?" என்று கேட்கட்டும். ஒரே கேள்விக்கே எண் கொஞ்சம் மாறும், அதனால் ஒவ்வொன்றையும் நான்கைந்து முறை கேட்க வேண்டும். பெண்ணுக்குத் தொடர்ந்து குறைவாகவே வந்தால் சாய்வு கண்முன்னே தெரிந்துவிடும். அடுத்த முறை பாலினத்தைச் சொல்லாமல் கேட்பாள். எதுவும் கேட்காமல் ஒதுங்கியிருந்தவளுக்கு இந்தச் சாய்வு இருப்பதே தெரியாது. அவள் விண்ணப்பத்தை மட்டும் ஏதோ ஒரு கருவி சலித்துக்கொண்டிருக்கும்.

படங்கள் பற்றிய அச்சம்தான் இந்த அவையில் பெற்றோர் மனத்தை அழுத்துவது. ஆனால் யோசித்துப் பாருங்கள். பொய்ப்படம் செய்பவனுக்கு அந்தப் பெண் எந்தக் கருவியையும் தொட்டிருக்கத் தேவையில்லை. தோழியின் பிறந்தநாள் படத்தில் நின்றிருந்தாலே போதும். ஒதுங்கியிருந்தவள் அந்த நாளில் என்ன செய்வது என்று தெரியாமல் உடைந்துபோவாள். தெரிந்தவள் மிரட்டுபவனுக்குப் பணம் கொடுக்க மாட்டாள். இணைப்பு, கணக்கின் பெயர், தேதி ஆகியவற்றைக் குறித்துக்கொள்வாள். தளத்தில் புகார் கொடுப்பாள். 18 வயது நிறைந்தவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவச வசதி இருக்கிறது. படத்தை அது வாங்கிக்கொள்வதில்லை. பெண்ணின் கைபேசியிலேயே படத்துக்குக் கைரேகை போன்ற ஓர் எண்முத்திரை உருவாகி, அந்த முத்திரை மட்டும் போகும். இணைந்துள்ள தளங்கள் அதை வைத்துப் படத்தைத் தடுக்கும். வெட்டி, மாற்றிய படம் முத்திரையிலிருந்து நழுவலாம் என்பதால், மாறிய படத்துக்கும் தனி முத்திரை எடுக்க வேண்டும். 18 வயதுக்குள் எடுத்த படமென்றால் டேக் இட் டவுன் என்ற வசதி.

தன் பக்கக் கதவையும் அவள் சாத்திக்கொள்ள வேண்டும். அவள் பேச்சைக் கருவியின் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும் பொத்தான் பெரும்பாலும் அமைப்புகளில் தரவு சார்ந்த பகுதியில் இருக்கும்; அதை அணைக்கலாம். அணைத்தது இனி வரும் பேச்சுக்கு மட்டும்தான். அழித்த உரையாடலும் அந்த நொடியே நிறுவனத்தின் கணினியிலிருந்து போய்விடாது. அதனால் கடவுச்சொல், அடையாள அட்டை, அந்தரங்கப் படம் ஆகியவற்றை எந்தப் பொத்தானை நம்பியும் உள்ளே விடக் கூடாது.

யோசிக்கும் பழக்கம் கெடும் என்ற கடைசிக் குற்றச்சாட்டுக்கு ஒரு பழக்கம் போதும். கடிதமோ கட்டுரையோ கணக்கோ, முதல் வரைவை அவளே எழுதட்டும். பிறகு, "திருத்தி எழுதாதே, எந்த இடம் பலவீனம், ஏன் என்று மட்டும் சொல்" என்று கேட்கட்டும். திருத்தத்தை அவள் கையாலேயே செய்யட்டும். தேர்வுக்குப் படிக்கும்போது விடையைக் கேட்காமல், தன்னிடம் கேள்வி கேட்கச் சொல்லட்டும். இதையெல்லாம் சொல்லித்தர ஓர் ஆசிரியருக்கு ஒரு வகுப்பு நேரம் ஆகும், ஒரு அம்மாவுக்கோ அப்பாவுக்கோ ஒரு மாலைப் பொழுது. அந்த நேரத்தை நம் பெண்களுக்குக் கொடுக்கலாம் என்று தீர்ப்புச் சொல்லுங்கள் நடுவர் அவர்களே. நன்றி, வணக்கம்.