மௌனமே எங்கள் கட்சி

நடுவர் அவர்களுக்கும், வேப்பேரியின் இந்தப் புழுக்கத்தில் மின்விசிறிக்கு நேரே இடம் பிடித்துவிட்ட பெரியோர்களுக்கும் வணக்கம்.

அநியாயமாகக் குறை சொல்பவருக்குக் கிறிஸ்தவன் தர வேண்டியது விளக்கமா, மௌனமா என்பது தலைப்பு. மௌனமே என்பது எங்கள் கட்சி. எதிரணித் தம்பியோ, "பதில் இல்லாதவர்தான் மௌனம் சாதிப்பார், இவர்களுக்கு மைக் எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கிக்கொண்டார். தம்பி, என்மேல் விழும் பழிக்குத்தான் நான் வாய் திறக்கக் கூடாது. மௌனத்தின்மேல் நீங்கள் போட்ட பழிக்குத் தாராளமாகப் பேசலாம்.

விசாரணையில் தம்மை அறைந்த சேவகனிடம் "என்னை ஏன் அடிக்கிறாய்" என்று இயேசு கேட்டாரே என்றீர்கள். கேட்டார், யோவான் 18:23. ஆனால் பொழுது விடிந்தபின் கலிலேயாவை ஆண்ட ஏரோது அநேக காரியங்களைக் கேட்டும் அவர் மறுமொழி சொல்லவில்லை என்று லூக்கா எழுதிய பக்கத்தை நீங்கள் புரட்டவே இல்லை. 12 வயதில் தேவாலயத்துப் போதகர்களைத் தம் பதில்களால் திகைக்க வைத்தவருக்கா பதில் இல்லாமல் போயிற்று?

என் அப்பா சபைப் பொருளாளராக இருந்தவர். அறுப்பின் பண்டிகை ஏலம் உங்களுக்குத் தெரியும்; காணிக்கையாக வந்த விளைச்சலைச் சபைக்காக ஏலம் விடுவார்கள். 30 ரூபாய்ப் பூசணிக்காய் 300 ரூபாய்க்குப் போகும். ஓர் ஆண்டு ஒருவர் வாழைத்தார் ஒன்றை 500 ரூபாய்க்கு ஏலம் எடுத்து, பணம் அடுத்த ஞாயிறு என்று சொல்லித் தோளில் ஏற்றிக்கொண்டு போனார். தார் போயிற்று, காய் பழுத்தது, தெருவெல்லாம் பழம் தின்றது, ஞாயிறுகளும் வந்து போயின. பணம் மட்டும் வரவில்லை. பிறகு சபைக் கூட்டத்தில் ஒரு குரல் எழுந்தது: "ஏலக் கணக்கில் 500 ரூபாய் உதைக்கிறதே, பொருளாளர் வீட்டுக்கு இப்போதுதான் வெள்ளையடித்திருக்கிறார்கள் போலிருக்கிறது!" யார் குரல் என்கிறீர்கள்? சாட்சாத் வாழைத்தார்க்காரர்! பாக்கிப் பட்டியல் அப்பாவின் சட்டைப்பையில் இருந்தது. அவர் அதைத் தொடக்கூட இல்லை.

அன்றிரவு சோற்றில் ரசத்தை ஊற்றியபடியே, "வாயைத் திறந்தால் என்ன?" என்று அம்மா வெடித்தார். "வருகிற வாரம் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம். சம்பந்தி வீட்டாரும் நம் சபைதானே" என்றார் அப்பா.

பதில் இல்லாதவர் என்றீர்களே தம்பி, இவரையா?

அப்பாவை கீழ்ப்பாக்கம் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்துவிட்டு வந்த வாரம், அவருடைய பழைய குறிப்பேட்டைப் புரட்டினேன். வாழைத்தார் என்ற வரியில் பாக்கி என்பதை அடித்துவிட்டு, "500 வரவு, என் கையிலிருந்து" என்று எழுதியிருந்தார். அந்த மழைக்காலம் முழுவதும் அவர் மூக்குக்கண்ணாடியின் உடைந்த காதை நூலால் கட்டிக்கொண்டு திரிந்ததையும், நான் அதைப் பார்த்துச் சிரித்ததையும் அப்போதுதான் நினைத்துக்கொண்டேன்.