போகிப் புகை ஏன் கலைவதில்லை?

வணக்கம் நேயர்களே. 2018 போகியன்று காலை புகைமூட்டத்தில் ஓடுபாதை தெரியாமல், சென்னைக்கு வந்த பல விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. எரித்த டயர்களைத் திட்டித் தீர்த்தோம். அன்றைய வானிலைக்கும் அதில் பாதிப் பங்காவது உண்டு.

மார்கழிக் கடைசியில் வானம் தெளிந்திருக்கும், காற்று அடங்கியிருக்கும். இரவில் தரை வேகமாகக் குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர்விக்கும். மேலே இருப்பதோ அதைவிடச் சூடான காற்று. கீழே உள்ள கனத்த காற்று மேலெழாது. சட்டிக்கு மூடி போட்டதுபோல் புகை உள்ளேயே சுற்றும்.

புகை எவ்வளவு உயரம் வரை கலக்க முடியுமோ, அதுதான் கலப்பு உயரம். விடியற்காலையில் அது 200 மீட்டர், காற்றின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 200. இந்த எண் பெரிதாக இருந்தால்தான் புகை எளிதில் கலையும். பிற்பகலில் 1500 மீட்டரும் 4 மீட்டரும் என்றால் 6000. டெல்லிக்கான முன்னறிவிப்பில், இந்த எண் 6000க்குக் கீழே போய், காற்றும் மணிக்கு 10 கிலோமீட்டருக்குக் குறைந்தால் மாசு கலையாது என்றே வானிலைத் துறை கணக்கிடுகிறது. நம் கணக்கில் விடியற்காலை நாலு மணிக்கும் பிற்பகலுக்கும் முப்பது மடங்கு வித்தியாசம். போகி கொளுத்துவதோ சரியாக அந்த நாலு மணிக்கு! (டயரை எந்த நேரத்தில் எரித்தாலும் நஞ்சுதான், அது வேறு.)

ஈரப்பதமும் சேர்ந்துகொள்ளும். நுண்துகள்கள் நீரை உறிஞ்சிப் பருத்து, பார்வையை மறைக்கும். வீட்டில் வைக்கும் மலிவான அளவுக் கருவிகள் துகளில் பட்டுச் சிதறும் ஒளியை வைத்தே கணக்கிடுவதால், பனிக்காலையில் உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அரசு நிலையங்களின் கருவிகளில் உள்ளிழுக்கும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைக்க வழியுண்டு. இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று குழம்ப வேண்டாம்.

கடற்காற்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பதும் முழு உண்மையில்லை. கடற்காற்று கொண்டுவரும் குளிர்ந்த அடுக்கு மெல்லியது. கரையோரத்து உயரமான புகைபோக்கிகளின் புகை அதற்குள் கலையாமல் நகர்ந்து, உள்ளே தரை சூடேறிக் காற்று கலங்கும் இடத்தில் கீழே இறங்கும். மழை பெரிய தூசியைக் கழுவும். ஒரு மைக்ரானுக்கும் சிறிய துகள்கள் தூறலுக்குப் பெரும்பாலும் தப்பிவிடும்.

ஆகவே தை மாதம் நடைப்பயிற்சியை வெயில் ஏறி, மூட்டம் கலைந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சித்திரையில் இது மாறும்: வாகனப் புகையில் கடும் வெயில் பட்டு ஓசோன் உருவாவதால், அதன் அளவு நண்பகல் தாண்டித்தான் உச்சத்துக்குப் போகும். அது வாயு என்பதால் என்95 முகக்கவசமும் தடுக்காது.